எச்4 ஹெட்லைட் பல்பு ஒரே பக்கம் அடிக்கடி பியூஸ் போகுது: வோல்டேஜா, எர்த்தா?

சாலையோரம்: 12 வோல்ட், 60/55 வாட் எச்4 (ஒரே பல்புல ரெண்டு இழை: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). இடது பக்கம் டிம் மட்டும் நாலு மாசத்துக்கு ஒருதரம் போகுது. வலது பக்கம் அப்படியே இருக்கு. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்றது) மாத்தணும்ங்கிறாங்க. சரியா?

மீட்டர்முள்: மாத்துறதுக்கு முன்னாடி அளந்துடுங்க. இன்ஜின் 2000 ஆர்பிஎம்ல ஓடணும், லைட் எரியணும், மல்டிமீட்டர் பேட்டரி முனையில. 13.8 முதல் 14.5 வரைக்கும் சரி. 15-ஐத் தொட்டா வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு. பல்போட ஆயுளைக் கணக்குப் போடுறது 13.2 வோல்ட்டுக்கு. அதுல 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதி.

கப்ளர்காரன்: அண்ணே, கேள்வியைப் படிச்சீங்களா? ஆல்டர்னேட்டர் ஒண்ணு, பல்பு ரெண்டு. வோல்டேஜ் கூடினா ரெண்டும் முன்னப்பின்ன போகணும். ஒரே பக்கம்னா எர்த்தையும் (கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்புற இணைப்பு) கப்ளரையும் (பல்போட முள் சொருகுற பிளக்) பாருங்க. எர்த் லூஸா இருந்தா பல்பு நிக்காது.

மீட்டர்முள்: ஒரே பக்கம்ங்கிறதை ஒத்துக்கறேன், எர்த் கதையை மாட்டேன். எர்த்ல தடை இருந்தா பல்புக்குக் கிடைக்கிற வோல்டேஜ் குறையும். மஞ்சளா மங்கி எரியும், ஆயுள் கூடத்தான் செய்யும். பாதி ஊர் மெக்கானிக்குகள் இதைத் தலைகீழாத்தான் சொல்றாங்க.

கப்ளர்காரன்: தடையோட கணக்கு சரி, சூட்டை விட்டுட்டீங்க. 55 வாட்னா நாலரை ஆம்பியர். அது லூஸ் கப்ளர் வழியாப் போனா முள் கொதிக்கும். அந்தச் சூடு பல்போட அடிப்பகுதிக்கு ஏறும். கண்ணாடியை நசுக்கி மூடின இடத்துல மாலிப்டினம் தகடு இருக்கு. 350 டிகிரி தாண்டினா அது ஆக்சைடாகி உப்பும், கண்ணாடி விரியும், காத்து உள்ள போகும். அப்புறம் இழை எத்தனை நாள் தாங்கும்?

குவார்ட்ஸ்: ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு, செத்த பல்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. உள்ள வெள்ளைப் பொடி படிஞ்சிருந்தா காத்து புகுந்திருக்கு. கண்ணாடி ஒரு இடத்துல கொப்பளிச்சிருந்தா மாட்டும்போது விரல் பட்ட எண்ணெய் அங்க சூட்டைத் தேக்கியிருக்கு. கண்ணாடி சுத்தமா இருந்து இழை பல துண்டா ஒடிஞ்சிருந்தா அதிர்வு, அதாவது பிடிப்புக் கம்பி தளர்ந்திருக்கு, இல்லைன்னா ஹெட்லைட் கூடே ஆடுது. இழை நுனி மணி மாதிரி உருண்டிருந்தா சூட்டுல உருகி அறுந்தது. வயசானாலும் அப்படித்தான் போகும், வோல்டேஜ் கூடினாலும் அப்படித்தான். பின்னாடி ரப்பர் மூடி கிழிஞ்சிருக்கான்னும் பாருங்க. எரியுற பல்பு மேல ஒரு சொட்டுத் தண்ணி போதும்.

சாலையோரம்: உள்ள வெள்ளையாத்தான் இருக்கு. கப்ளர்ல ஒரு குழி பழுப்பாகிப் பிளாஸ்டிக் இளகியிருக்கு.

கப்ளர்காரன்: அப்ப வேற பேச்சே இல்ல. கப்ளரை வெட்டிட்டு பீங்கான் ஹோல்டர் போடுங்க. ஒயரைக் கறுப்பேறாத செம்பு தெரியுற வரைக்கும் பின்னுக்கு வெட்டி, இணைப்பு முனை வச்சு அமுக்கணும்; வெறுமனே முறுக்கி டேப் சுத்தினா மூணு மாசத்துல அதே கதை.

மீட்டர்முள்: மாட்டின பிறகாவது அளங்க. டிம் எரியும்போது கறுப்பு முனை பேட்டரி மைனஸ்ல, சிவப்பு முனை ஹோல்டரோட எர்த் முள்ல. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா பாடியில எர்த் போல்ட்டைக் கழட்டி உப்புத்தாள் போடுங்க. சில ஜப்பானிய வண்டியில ரெண்டு இழைக்கும் பொதுவான முள் பிளஸ், சுவிட்ச்தான் எர்த் பக்கம். அதுல இந்த அளவு குழப்பும்.

பளிச்: இவ்வளவு எதுக்கு? ரிலே கிட் (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேரா கரண்ட் விடுற சுவிட்சும் ஒயரும்) போட்டு 100/90 வாட் பல்பு மாட்டுங்க, ரோடு பகலாயிடும்.

குவார்ட்ஸ்: ரிஃப்ளெக்டர் பொசுங்கும், எதிர்ல வர்றவன் கண்ணும் போகும். ரிலே மட்டும்னா நல்லதுதான், ஆனா விலை உண்டு. முன்னாடி பல்புல 12.4 இருந்து ரிலேக்கு அப்புறம் 13.8 ஆனா வெளிச்சம் 40 சதவீதத்துக்கு மேல கூடும், ஆயுள் கால்வாசியா குறையும்.

பளிச்: பல்பு விலை என்ன பெரிய விலையா? இருட்டுல மாடு குறுக்க வந்தா தெரியுமா?

மீட்டர்முள்: அந்த ஒரு கேள்வி நியாயம்தான். ஆனா அதுக்கு 60/55-ஓட ரிலே போதும், 100/90 வேணாம்.