கப்பல் ஞாயிறு மாலை, விமானம் ஞாயிறு காலை: கிளம்புவதா, விட்டுவிடுவதா?

ஈரமணல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா, அம்மா, நான், மூன்று பேரும் இன்னும் 19 நாளில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போக வேண்டும். பத்து மாதத்துக்கு முன்பே பதிவு செய்தது. கப்பல் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது. சனிக்கிழமை மதியமே துறைமுக நகரத்தில் இறங்கி, ஒரு ராத்திரி தங்கிவிட்டு நிதானமாகப் போகலாம் என்றுதான் விமானம் எடுத்திருந்தேன். நேற்று மின்னஞ்சல் வந்திருக்கிறது, நேரத்தை மாற்றிவிட்டார்களாம். இப்போது ஞாயிறு காலை 10.40க்குத்தான் இறங்குவோம். அதுவும் நடுவில் விமானம் மாற 55 நிமிடம்தான்.

இது போதாதென்று, நாங்கள் மாற வேண்டிய விமான நிலையத்தில் வேலைநிறுத்தம் வரலாம் என்று மூன்று நாளாகச் செய்தி. கப்பல் கம்பெனியும் பயணப் பாதை மாறலாம் என்று ஒரு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அப்பா தினமும் காலையில் “போறோமா இல்லையா, அதைச் சொல்லு” என்று கேட்கிறார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா கடலில் போக வேண்டும் என்று எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டது இது. பேசாமல் ரத்து செய்துவிடலாமா? போவதென்றால் எதிலிருந்து தொடங்குவது? பட்டியல் போட உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது.

நாடோடி64

தோழி, முதலில் ஒன்று. அந்த மின்னஞ்சலில் “ஏற்கிறேன்” என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொட்டுவிடாதீர்கள். நேரத்தை மாற்றியது அவர்கள். ஒரு நாள் அளவுக்கு மாற்றினால், வேறு விமானத்தில் கூடுதல் பணம் இல்லாமல் மாற்றித் தரச் சொல்லியோ முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லியோ கேட்க உங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் வழி உண்டு. நீங்களே ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் வாதாடுவது கஷ்டம். அதே நிறுவனம் வெள்ளி, சனி ஓட்டுகிற விமானங்களின் எண்களைத் தேடி எழுதி வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். “ஏதாவது பார்த்துக் கொடுங்கள்” என்று கேட்டால் இழுப்பார்கள், எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா? ஒரே டிக்கெட் என்றால் கனெக்‌ஷன் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

இன்னொன்று, 5 மணிக் கப்பல் என்பது உண்மையில் 5 மணிக் கப்பல் இல்லை. பயணிகள் பட்டியலைக் கிளம்புவதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். 10.40க்கு இறங்கி, வரிசையில் நின்று, பெட்டி வந்து, வண்டி பிடித்து... காகிதத்தில் சரியாக வரும். ஒரு தாமதம் விழுந்தால் போச்சு.

வெண்சங்கு

ஒரு நாள் முன்னால் என்பது சாதாரணக் காலத்துக்கு. வேலைநிறுத்தப் பேச்சு இருக்கும்போது இரண்டு நாள் முன்னால் போய்விடுங்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி கிட்டத்தட்ட ஆறு நாள் மூடிக் கிடந்தது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறால் உலகமெங்கும் கணினிகள் படுத்து ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இதற்கெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்காவது வேலைநிறுத்தம் வரலாம் என்று முன்னாலேயே தெரிகிறது.

கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாமே என்று நினைக்க வேண்டாம். எனக்கு நடந்தது. விமானம் ரத்தாகி, நாங்கள் துறைமுகம் சேர்ந்தபோது கப்பல் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த துறைமுகம் வேறு நாடு. கப்பலோடு வந்து இறங்கினால் அங்கே விசா கேட்க மாட்டார்கள், ஆனால் விமானத்தில் போய் இறங்க விசா வேண்டும், எங்களிடம் இல்லை. என் மனைவி டெர்மினல் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்து அந்த வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விசா என்றதும் இதையும் பார்த்துவிடுங்கள். கப்பல் ஒரு நாட்டில் கிளம்பி, வெளிநாடு சுற்றி, அதே நாட்டுக்குத் திரும்புகிறதா? அப்படியானால் ஒருமுறை நுழையும் விசா போதாது. கப்பல் அந்த நாட்டின் எல்லையைத் தாண்டியதும் அது தீர்ந்துவிடும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். பலமுறை நுழையும் விசாதானா என்று ஸ்டிக்கரையே எடுத்துப் பாருங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

ஈரமணல்

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஒரே டிக்கெட்தான். விசாவும் பலமுறை நுழையும் விசாதான், பார்த்துவிட்டேன். ஆனால் அதைப் பார்க்கப் போய் இன்னொன்று கண்ணில் பட்டது. அப்பாவின் பாஸ்போர்ட், நாங்கள் திரும்பும் நாளிலிருந்து ஐந்து மாதம் பத்து நாள்தான் செல்லும். ஆறு மாதம் வேண்டும் என்கிறார்களே? கை காலெல்லாம் நடுங்குகிறது.

நாடோடி64

பதறாதீர்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருந்தால் போதும், பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. வேறு பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும். ஆனால் நாடு கேட்காவிட்டாலும் கப்பல் கம்பெனி ஆறு மாதம் கேட்கலாம், டெர்மினலில் தடுப்பது அவர்கள்தான். அதனால் இன்றே கம்பெனிக்கு எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது அங்கே செல்லாது. ஆறு மாதம் வேண்டும் என்று பதில் வந்தால் அவசரப் புதுப்பிப்புக்கு நாளையே ஓடுங்கள். புதுசு கைக்கு வந்தால் எண் மாறும், கப்பல் பதிவிலும் விமானப் பதிவிலும் திருத்த வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் இரண்டையும் எடுத்துப் போக வேண்டும்.

மாத்திரைப்பெட்டி

அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்தால் அது வீண், உருகியதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. கைப்பையில் வையுங்கள், கூடவே மருத்துவர் கடிதம். கப்பலிலும் இதே கதைதான். டெர்மினலில் பெட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள், கேபினுக்கு அது சாயங்காலமோ ராத்திரியோதான் வரும். கேபினில் இருக்கும் குட்டிக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானம் குளிர வைக்கும் அளவுக்குத்தான், மருந்துக்குப் போதாது. மருந்து வைக்கத் தனிக் குளிர்பெட்டியும் பயன்படுத்திய ஊசியைப் போட டப்பாவும் வேண்டும் என்று இப்போதே கம்பெனிக்கு எழுதுங்கள், கேட்டால் தருவார்கள்.

பத்து நாள் பயணத்துக்குப் பத்து நாள் மருந்து எடுப்பது எல்லோரும் செய்யும் தப்பு. போவது தாமதமாகும் என்றுதான் பயப்படுகிறோம், திரும்புவது தாமதமாகும் என்று யாரும் நினைப்பதில்லை. 2020 பிப்ரவரியில் கொரோனாவால் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், பலர் இரண்டு வாரத்துக்கு மேல் கேபினை விட்டு வெளியே வர முடியவில்லை. அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை, கூடுதலாக இரண்டு வார மருந்து இருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், அதற்குத்தான். அதை அம்மா பையிலும் உங்கள் பையிலுமாகப் பிரித்து வையுங்கள்.

கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி வந்தால் வேகமாகப் பரவும். நோரோவைரஸ் என்ற அந்தக் கிருமிக்குக் கை துடைக்கும் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். சர்க்கரை உள்ளவருக்கு உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து, அதனால் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை

ரத்து பற்றி. பல கம்பெனிகளில் கிளம்புவதற்கு முந்தைய கடைசி 14 நாளுக்குள் ரத்து செய்தால் ஒரு காசு திரும்ப வராது. உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். அதுவரை தினமும் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், “இந்தத் தேதி வரை விமானம் சரியாகவில்லை என்றால் விட்டுவிடுகிறோம்” என்று அப்பாவிடம் ஒரே முறை சொல்லிவிடுங்கள். அவருக்கு வேண்டியது ஒரு தேதிதான்.

காப்பீடு எப்போது எடுத்தீர்கள்? வேலைநிறுத்தச் செய்தி வருவதற்கு முன்பே எடுத்திருந்தால் நல்லது. இப்போது எடுத்தால் இந்த வேலைநிறுத்தத்தை முன்பே தெரிந்த விஷயம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனாலும் எடுக்க வேண்டும், ஏனென்றால் கப்பல் மருத்துவமனைக்குத் தனிக் கட்டணம், கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவர ஆகும் செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று பாருங்கள், அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கை வைக்கும் நாளில் கிடைக்காது.

பாதை மாறுவதற்கு நஷ்டஈடு எதிர்பார்க்காதீர்கள். 2023 கடைசியிலிருந்து தாக்குதல் பயத்தால் செங்கடலைத் தவிர்த்துப் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பாதையை மாற்றும் உரிமை கம்பெனிக்கு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, விட்டுப்போன துறைமுகத்தின் கட்டணம் மட்டும் திரும்பும். அதனால் கரையில் ஊர் சுற்றுவதற்கு முன்பணம் கட்டுவதாக இருந்தால் திருப்பித் தருபவர்களிடம் மட்டும் கட்டுங்கள்.

வெண்சங்கு

வீட்டையும் சொல்லிவிடுகிறேன், கிளம்பும் அன்று காலையில்தான் எல்லோருக்கும் அது ஞாபகம் வரும். தண்ணீர் மெயின் வால்வு, கேஸ் வால்வு இரண்டையும் மூடுங்கள். பிரிட்ஜை ஓடவிட்டுப் போவதென்றால் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து உறைய விட்டு, மேலே ஒரு நாணயம் வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் நெடுநேரம் மின்சாரம் போய், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருப்பதைத் தொடாதீர்கள். சாவி வைத்திருப்பவரிடம் திரும்பும் தேதிக்குப் பதில் “அந்தத் தேதி, இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து” என்று சொல்லுங்கள். பில்களையும் அந்தக் கணக்கிலேயே கட்டிவிடுங்கள்.

வங்கி ஓடிபி! ரோமிங் இல்லையென்றால் வராது. கடலில் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், கப்பல் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்தால் பில் எகிறும். பவர் பேங்க் 100 வாட்-ஹவருக்குள், கைப்பையில். இஸ்திரிப் பெட்டியும் மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள நீட்டிப்புப் பலகையும் வேண்டாம், தீ பயத்தால் பறிமுதல் செய்வார்கள்.

ஈரமணல் (எட்டு நாள் கழித்து)

வந்து சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. போனில் ஒரு மணி நேரம் காத்திருந்தேன், விமான எண்ணைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் வெள்ளிக்கிழமை விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள், கட்டணம் இல்லை. நடுவில் நான்கு மணி நேரம் இருக்கிறது, வேறு விமான நிலையம் வழியாக. கப்பல் கம்பெனி ஆறு மாதம் கட்டாயம் என்று எழுத்தில் சொல்லிவிட்டது, அதனால் அப்பாவுக்கு அவசரத்தில் புதுசு எடுத்தோம். நேற்றுதான் வந்தது, உறையைப் பிரித்துப் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். மருந்துக் குளிர்பெட்டிக்கும் சரி என்று பதில் வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொன்னபடி அப்பாவிடம் தேதியைச் சொன்னேன். காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டார், அதற்கப்புறம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அந்தத் தேதி போன வெள்ளியோடு முடிந்தது. நேற்று ராத்திரி பிரிட்ஜைத் திறந்தால் அம்மா டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறார், இன்னும் பதினோரு நாள் இருக்கிறதே என்றேன். “உறையுதா பாப்போம்னு வச்சேன்” என்றார்.