தென்பெருங்கடலில் இரும்பு: அந்த ஆயிரம் மீட்டர் கணக்கைக் காட்டுங்கள்

வங்கக்கடலான் | காலை 7.40
நேற்று பக்கத்து இழையில் நெய்தல் குமரன் எழுதியது: "அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள கடலில் இரும்பு தூவினால் பாசி பெருகும், செத்து அடிக்குப் போகும், காற்றில் இருக்கும் கார்பன் குறையும். 2009-லேயே இந்தியா செய்து காட்டிவிட்டது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2009-ல் நடந்தது லோஹாஃபெக்ஸ். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய், 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட் கரைசலை விட்டார்கள். 39 நாள் கூடவே நின்று பார்த்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் பாசி இரட்டிப்பானது. அதற்கு மேல் வளர விடாமல் கோபிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த, நுண்ணிய மிதவை உயிரி) கூட்டம் மேய்ந்தது. கீழே இறங்கிய கார்பன் மிகக் கொஞ்சம். இதில் எதைச் செய்து காட்டினோம்? ஆயிரம் மீட்டருக்குக் கீழே எவ்வளவு போனது? சொல்லுங்கள்.

நெய்தல் குமரன் | காலை 8.05
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் வந்தேன். 2004-ல் ஐஃபெக்ஸ் என்ற இதே மாதிரிச் சோதனை. அதே கப்பல், அதே தென்பெருங்கடல், அதே இரும்பு. 2012-ல் நேச்சர் இதழில் முடிவு வந்தது: பூத்ததில் குறைந்தது பாதி ஆயிரம் மீட்டருக்கும் வெகு கீழே இறங்கியது. கேட்ட ஆயிரம் மீட்டர் கிடைத்துவிட்டதா, தம்பி?

வங்கக்கடலான் | காலை 8.12
நான் உங்கள் தம்பி இல்லை. நீங்கள் எழுதியது 2009, இந்தியா. இப்போது 2004-க்குத் தாவுகிறீர்கள். 2009-ன் ஆயிரம் மீட்டர் கணக்கு எங்கே?

அலைவாய் | காலை 8.30
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். 'கார்பன் ஏற்றுமதி' என்று எந்த ஆழத்தைச் சொல்கிறீர்கள்? வெளிச்சம் எட்டும் மேல்தண்ணீரை விட்டு, ஏறக்குறைய 100 மீட்டரைத் தாண்டினாலே ஏற்றுமதி என்பவர்கள் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் மேலே வராத ஆயிரம் மீட்டர் போன்ற ஆழத்துக்குப் போனால்தான் கணக்கு என்பவர்களும் உண்டு. அதை முதலில் பேசி முடியுங்கள்.

சொல்லேர் | காலை 8.41
அதற்கும் முன்னால், 'பாசி' என்று எழுதுவதை நிறுத்துங்கள். பாசி குளத்துப் படிக்கட்டில் இருப்பது. இது தாவர மிதவையுயிரி. அறிவியல் பேச வந்துவிட்டுத் தமிழைக் கொல்லாதீர்கள்.

நெய்தல் குமரன் | காலை 8.44
சொல்லேர் ஐயா, எங்கள் ஊரில் கடல் பச்சையானால் பாசி என்றுதான் சொல்வோம். கடலில் இறங்குகிறவன் சொல்லும் தமிழ்தான்.

சொல்லேர் | காலை 8.50
ஊர்ப்பேச்சு வேறு, கலைச்சொல் வேறு. இதே பதிலைப் போன வருடம் கடல்மட்ட இழையிலும் சொன்னீர்கள்.

வங்கக்கடலான் | காலை 9.20
பெயர்ச் சண்டை போதும். 2004-க்கும் 2009-க்கும் என்ன வித்தியாசம் என்று குமரனுக்குத் தெரியவில்லை, சொல்கிறேன். வித்தியாசம் சிலிக்கா. ஐஃபெக்ஸில் பூத்தவை டயட்டம் என்ற பாசி வகை. சிலிக்காவை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். மொத்தமாகச் சாகும்போது ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுப் பொதி போல ஆகி வேகமாக இறங்கும். லோஹாஃபெக்ஸ் நடந்த கடல் நீர்ச்சுழலில் கரைந்த சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. அதற்கு முன் இயற்கையாகப் பூத்த டயட்டம்கள் எடுத்துவிட்டன. ஓடு கட்டச் சரக்கு இல்லை. இரும்பு கிடைத்தும் மெல்லிய சின்ன உயிர்கள்தான் வளர்ந்தன, அவற்றை கோபிபாட் தின்றன, கோபிபாட்டை அதைவிடப் பெரிய ஆம்பிபாட் என்ற இறால் இன உயிர் தின்றது.

பத்து வருடம் ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். மேய்ந்து முடித்த கோபிபாட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். உடம்பு கண்ணாடி மாதிரி, நடுவில் குடல் மட்டும் பச்சைக் கோடு. கொஞ்ச நேரத்தில் வால்பக்கம் பழுப்பாக, அரிசியில் நூறில் ஒரு பங்கு கூட இல்லாத ஒரு சிறு உருளை விழும். அந்தக் கழிவு ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நமக்கு லாபம். ஆனால் பாதி வழியிலேயே இன்னொரு கோபிபாட் அதை உடைத்துவிடும், பாக்டீரியா தின்றுவிடும், கார்பன் திரும்பக் கரியமில வாயுவாகிவிடும். இதைக் கண்ணால் பார்த்தவனிடம் வந்து "அடிக்குப் போய்விடும்" என்று ஒரே வரியில் சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

தென்னவன்_61 | காலை 9.48
ஒன்றை மறக்காதீர்கள். லோஹாஃபெக்ஸின் தலைமை விஞ்ஞானிகள் இருவரில் ஒருவர் கோவா நிறுவனத்தின் நம் நக்வி. 2009 ஜனவரியில் ஜெர்மனி அரசே நிறுத்தி வைத்து, மறுபடி பரிசீலித்த பிறகுதான் அனுமதித்தது. அவ்வளவு எதிர்ப்பிலும் நடத்தி முடித்தார்கள். அதை ஒன்றுமில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

வங்கக்கடலான் | காலை 9.55
யார் ஒன்றுமில்லை என்றது? நல்ல சோதனை. சிலிக்கா இல்லாத இடத்தில் இரும்பு மட்டும் போதாது என்று காட்டியது. குமரன் அதைத் தலைகீழாக்கிப் பெருமை பேசுகிறார். பெருமையும் வேண்டும், முடிவும் வேண்டாம் என்றால் எப்படி?

நெய்தல் குமரன் | காலை 10.10
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். 1988-ல் அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் "அரை டாங்கர் இரும்பு கொடுங்கள், பனியுகத்தைத் தருகிறேன்" என்றார். தென்பெருங்கடலில் பாசிக்கு உரமான நைட்ரேட் கொட்டிக் கிடக்கிறது, இரும்பு மட்டும் பற்றாக்குறை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கெர்கெலன் தீவைச் சுற்றி அடியிலிருந்து இயற்கையாக இரும்பு வருவதால் வருடாவருடம் கடல் பூக்கிறது. அங்கே கார்பன் இறங்குவதையும் அளந்திருக்கிறார்கள். இதெல்லாம் பொய்யா?

வங்கக்கடலான் | காலை 10.22
அதே மார்ட்டின் 1987-ல் போட்ட சூத்திரத்தையும் சொல்லுங்களேன். 100 மீட்டரில் 100 பங்கு இறங்கினால் ஆயிரம் மீட்டரில் மிஞ்சுவது சுமார் 14. மீதி வழியிலேயே போய்விடுகிறது. உங்கள் ஆளே சொன்னது. ஆயிரம் மீட்டர், குமரன், ஆயிரம் மீட்டர்!

நெய்தல் குமரன் | காலை 10.31
அது வடகிழக்குப் பசிபிக்கில் அளந்த தரவு. அண்டார்டிக் டயட்டத்துக்கு அதை எப்படிப் பொருத்துவீர்கள்? 2009-ஐக் கேட்டுவிட்டு இப்போது பசிபிக்குக்குத் தாவுவது நீங்கள், தம்பி.

வங்கக்கடலான் | காலை 10.33
மறுபடி தம்பி. எனக்கு 58 வயது.

அலைவாய் | காலை 10.40
100 மீட்டரா ஆயிரமா என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சொல்லேர் | காலை 10.46
'கார்பன்' என்பதும் தவறு. கரிமம்.

நெய்தல் குமரன் | காலை 10.52
எனக்கு 63. அதனால்தான் தம்பி என்றேன். கெர்கெலனுக்குப் பதில் வரவில்லை.

வங்கக்கடலான் | காலை 11.04
கெர்கெலனில் பல மாதம் நிற்காமல் அடியிலிருந்து இரும்பு வருகிறது, கூடவே சிலிக்காவும் வருகிறது. கப்பலில் போய் ஊற்றிவிட்டு வருவதும் அதுவும் ஒன்றா? 2009 பற்றிக் கேட்டேன். காலை 7.40-க்குக் கேட்டேன். இன்னும் ஓர் எண் வரவில்லை.