கையில் 42 இலட்சம், கேட்பது 41: பழைய சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எடுக்கலாமா?

தலவாக்கலைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஐந்து வருடம் கட்டாரில் நின்று சேர்த்த காசில் தங்கச்சி கல்யாணமும் வீட்டுக் கூரை வேலையும் முடிந்து, கையில் 42 இலட்சம் மிச்சம் இருக்கிறது. இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. நானுஓயா வழியாகப் போய் வருகிறேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் பஸ் கிடையாது, அதனால் கார் வேண்டும் என்பது முடிவான விஷயம். எந்தக் கார் என்பதில்தான் வீட்டில் சண்டை. அம்மா ஒரு ஆல்ட்டோவை எடுத்துவிட்டு மிச்சக் காசை பேங்கில் போடச் சொல்கிறார்.

கண்டியில் 2001 இம்ப்ரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. வட்ட லைட் மாடல், மெனுவல் கியர். 41 இலட்சம் கேட்கிறார்கள். சின்ன வயதில் ஏப்ரல் சீசனுக்கு அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் காட்டினார். மேட்டில் ஏறி வந்த அந்தக் கார்களின் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்பா இப்போது இல்லை. ஆசை ஒரு பக்கம், காசு ஒரு பக்கம். தெரிந்தவர்கள் மனதில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள்.

ஹட்டன் கராஜ்காரன்:
தம்பி, வேண்டாம். கார் கெட்டது என்று சொல்லவில்லை. இந்தக் காசுக்கு இந்தக் கார் வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டாலும் வரி ஏறியிருக்கிற ஏற்றத்தில் பழைய வாகனம் எதுவும் மலிவில்லை. ஆட்கள் தேடித் திரிகிற ஒரு டர்போ கார் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளி வலுவைக் கூட்டுவதுதான் டர்போ) 41க்கு வந்து நிற்கிறது என்றால், ஏன் என்று முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது, 42ஐ வைத்துக்கொண்டு 41க்கு வாங்கினால் மிச்சம் ஒரு இலட்சம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட்டுகிற, 1 இலட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பெல்ட் அது. அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் அடிக்கும், எஞ்சினை இறக்க வேண்டியதுதான். அதோடு நாலு வீலும் இழுக்கிற கார். ஒரு டயர் போனால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. நாலும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன், பின் வீல்களுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கிற நடு டிஃப்ரன்ஷியல் சூடாகிக் கெட்டுப்போகும். ஒரு இலட்சத்தில் இதில் எதைச் செய்வாய்?

மாத்தளை பொக்ஸர்:
கராஜ் அண்ணே சொல்வதில் காசு விஷயம் சரி. ஆனால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுவதை ஏற்க மாட்டேன். நான் இதே மாடலை ஏழு வருடமாக ஓட்டுகிறேன்.

தம்பி ஓட்டப்போவது நுவரெலியா ரோட்டில். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் கொழும்பில் 100 குதிரை வலு கொடுத்தால் நுவரெலியாவில் 80 சொச்சம்தான் கொடுக்கும். சின்ன எஞ்சின் கார்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு இறம்பொடை ஏற்றத்தில் முதலாம் கியரில் அழுவது அதனால்தான். டர்போ அந்தக் குறையை நிரப்பிவிடும். மழையில், மூடுபனியில், ரோட்டில் சேறு வழிந்திருக்கும்போது நாலு வீலும் பிடிக்கிற கார் எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்பதை ஓட்டியவனுக்குத்தான் தெரியும். மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கார் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

ஹட்டன் கராஜ்காரன்:
காற்றுக் கணக்கு சரி மாத்தளைத் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் குறைந்த காற்றில் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், சூடும் கூடும். இருபத்திச் சொச்சம் வருடப் பழைய டர்போவுக்கு அதுவும் ஒரு பாரம்தான்.

பெற்றோலையும் யோசி. அந்த எஞ்சின் ஜப்பானில் கிடைக்கும் உயர் ரக பெற்றோலுக்குச் செய்தது. அங்கே பம்பில் 100 ஒக்டேன் வரை அடிக்கலாம். நமக்கு 92, 95 இரண்டுதான். 95 இல்லாத நாளில் 92ஐ அடித்துக்கொண்டு ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சினுக்குள் நொக்கிங் வரும், அதாவது பெற்றோல் தாறுமாறாகத் தானே வெடிக்கும். காதுக்குச் சின்னச் சத்தம்தான், பிஸ்டனுக்கு அது சுத்தியல் அடி.

மாத்தளை பொக்ஸர்:
95 கிடைக்காத நாளில் நான் மிதிப்பதில்லை. 2022 தட்டுப்பாட்டில் கியூ.ஆர். வைத்து லீட்டர் கணக்கில் பெற்றோல் வாங்கிய காலத்தையும் இதே காரோடு தாண்டினேன். செலவை மறைக்கவில்லை: ஏற்ற இறக்கத்தில் லீட்டருக்கு 7 கிலோமீட்டர், நிதானமாகப் போனால் 8. தம்பி தினமும் போய் வருவதற்கு அந்தக் கணக்கைத் தாங்குமா என்பதை அவர்தான் பார்க்க வேண்டும்.

கொட்டகலை டீச்சர்:
எனக்கு எஞ்சின் பற்றி அவ்வளவாகத் தெரியாது. பத்திரம் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பட்டிருக்கிறோம். என் தம்பி வாங்கிய வேன் ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமலே கை மாறி வந்தது. விற்றவர் ஒருவர், பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் வேறொருவர். இரண்டு வருடம் கழித்து பெயர் மாற்றப் போனபோது அந்த வேறொருவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய பிள்ளைகளைத் தேடி, கையெழுத்துக்காக என் தம்பி அலைந்த அலைச்சலை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வேலைக்கு லீவு போட்டு லீவு போட்டு, கடைசியில் வேனை வந்த விலைக்குக் கொடுத்தார்.

தம்பி, காரைப் பார்க்கும் முன் புத்தகத்தைப் பாருங்கள். பெயர், செசி நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். நாளைக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் இதே கார்தான்.

பண்டாரவளை கிளான்சா:
நான் நடுவில் ஒரு வழி சொல்கிறேன். டபிள்யூ.ஆர்.எக்ஸ். கிட்டத்தட்ட 1,400 கிலோ. நான் வைத்திருப்பது டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா, டர்போ வைத்தது. 1,331 சி.சி., கம்பெனி கணக்கில் 135 குதிரை வலு, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எல்லக்குப் போகிற வளைவுகளில் இது போகிற போக்கு ஒரு தனி சுகம். டயர் சின்னது, பிரேக் பேட் மலிவு, சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். சுசுகி சுவிப்ட் ஸ்போட் 1.6உம் நல்ல கார்தான், டர்போ கிடையாது, ஆனால் வயது குறைவு.

மலைநாட்டில் 70க்கு மேல் போகச் சட்டமும் இடம் தராது, ரோட்டும் இடம் தராது. சுபாருவின் 250 குதிரையை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது?

மாத்தளை பொக்ஸர்:
லோரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் நிற்கிற நேரம் குறையும் அல்லவா? அதற்கு வலு வேண்டும். கிளான்சாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மழை ரோட்டில் முன் வீல் மட்டும் இழுக்கிற காரில் டர்போ வந்து அடிக்கும்போது ஸ்டியரிங் கையை விட்டு இழுக்கும். புதிதாக ஓட்டுகிறவனுக்கு எது ஆபத்து?

ஹட்டன் கராஜ்காரன்:
எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் வாகனம் கவிழ்வது இறங்கும்போது.

போன மாசம் பள்ளம் இறங்கி வந்த ஒரு டர்போ கார் என் கராஜ் வாசலில் நின்றது. முன் வீல் இரண்டிலும் புகை. பிடித்து ஓட்டிய பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். பிரேக் பெடல் தரை வரைக்கும் போகிறது என்றான். கால் மணித்தியாலம் ஆறவிட்டு பிரேக் ஒயில் போத்தலின் மூடியைத் திறந்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஒயில் பிளேன்டீ நிறத்தில் கிடந்தது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதுவும் நம் ஊர் ஈரத்தில். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை. தண்ணீர் சேரச் சேர 155 வரை இறங்கிவிடும். பள்ளத்தில் காலை வைத்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வெகு சீக்கிரம் வரும். கொதித்தால் உள்ளே ஆவி, ஆவி வந்தால் பெடல் பஞ்சு. அந்தப் பையன் டர்போவுக்கு மீட்டர் வாங்கிப் பூட்டியிருந்தான், சைலன்சர் மாற்றியிருந்தான், நாலாயிரம் ஐயாயிரம் ரூபா ஒயிலை மாற்றவில்லை.

2023 ஜனவரி 20 நானுஓயா குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் செத்ததை நாம் யாரும் மறக்கவில்லை. நீ தினமும் போகிற பக்கம் தம்பி அது. வேகமான காரை வாங்குகிறவன் முதலில் பிரேக்குக்குக் காசு வைக்க வேண்டும். உன்னிடம் அந்தக் காசு மிச்சம் இல்லை, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

மாத்தளை பொக்ஸர்:
இதில் எனக்கு எதிர்வாதம் இல்லை அண்ணே. தம்பி, ஞாயிறு நான் கண்டிக்கு வருகிறேன், சேர்ந்து பார்ப்போம். விற்பவரிடம் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இந்த எஞ்சினின் குறை எல்லாம் குளிரில்தான் வெளியே வரும். ஸ்டார்ட் பண்ணியதும் லேசாக "டிக் டிக்" என்று தட்டி, சூடேற நின்றுவிட்டால் பெரும்பாலும் பிஸ்டன் சத்தம், பயமில்லை. சூடேறிய பிறகும் அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமாகக் கேட்டால் பெயாரிங் போயிருக்கிறது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

தலவாக்கலைத் தம்பி:
போய் வந்துவிட்டோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் போனோம். பொனட்டில் கை வைத்தேன், சூடு. "பிள்ளையை டியூஷனுக்கு விட்டுவிட்டு வந்தேன்" என்றார் விற்பவர். இருக்கலாம். மாத்தளை அண்ணன் ஒன்றும் பேசாமல் குனிந்து டயரைப் பார்த்தார். முன்னால் இரண்டு ஒரு கம்பெனி, பின்னால் இரண்டு வேறு கம்பெனி, முன் டயரின் ஓரம் வழுக்கை. பொனட்டைத் திறந்து ஷொக் மேலே பூட்டுகிற இடத்தில் டோர்ச் அடித்துக் காட்டினார். வலது பக்கம் கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியாக வரிசையாக இருக்கிறது. இடது பக்கம் அந்தப் புள்ளிகளே இல்லை, பட்டி போட்டு பெயின்ட் அடித்திருக்கிறது. பக்கத்து வயரிலும் அதே பெயின்ட் தெறித்துக் கிடந்தது. எங்கேயோ நல்லாக அடிபட்டு டின்கரிங் செய்த கார்.

டீச்சர் சொன்னபடி புத்தகத்தைக் கேட்டேன். குருநாகலில் ஒருவருடைய பெயர். எஞ்சின் நம்பர் வேறு. எஞ்சின் மாற்றியது, பிறகு பதிந்துகொள்ளலாம் என்கிறார். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு ரவுண்ட் ஓட்டினேன். ஹந்தானை ஏற்றத்தில் இரண்டாம் கியர், எஞ்சின் சுற்று 3,000 தாண்டியதும் முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு போனது. அந்தச் சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே பார்த்தார். இறங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

மாத்தளை பொக்ஸர்:
35க்குக் குறைத்துத் தருகிறேன் என்று வரும் வழியில் போன் வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். ஆனால் ஒன்று சொல்கிறேன்: அந்தக் கார்தான் மோசம், அந்த ரகம் மோசமில்லை. இன்னும் ஒரு வருடம் சேர்த்து, பெயர் நேராக இருக்கிற, ஒரே கையில் இருந்த காராகப் பார்த்து எடுங்கள். ஆசையை விட வேண்டாம்.

ஹட்டன் கராஜ்காரன்:
ஒரு வருடம் இரவில் எதில் வீட்டுக்கு வருவது? தம்பி, 32, 33க்குள் சின்னக் காராகப் பார். கிளான்சா கிடைத்தால் கிளான்சா, இல்லையென்றால் அம்மா சொன்ன ஆல்ட்டோ. மிச்சத்தைத் தொடாதே.

மாத்தளை பொக்ஸர்:
ஆல்ட்டோ வேண்டாம் அண்ணே, தம்பி சுபாருவை ஓட்டியதை நீங்கள் பார்க்கவில்லை.

தலவாக்கலைத் தம்பி:
வெலிமடையில் ஒரு கிளான்சா இருக்கிறது என்று பண்டாரவளை நண்பர் தனியாக எழுதியிருக்கிறார். முதல் சொந்தக்காரரின் மகனிடம்தானாம். விலை இன்னும் சொல்லவில்லை. 10 இலட்சத்தைப் பிரித்து அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டேன், 32க்கு மேல் கேட்டால் பேச்சில்லை. கராஜ் அண்ணே, வாங்குவதற்கு முன் உங்களிடம் கொண்டுவந்து காட்ட முடியுமா?

ஹட்டன் கராஜ்காரன்:
கொண்டு வா. போயா நாளைத் தவிர எந்த நாளும் ஏழரைக்குத் திறந்திருப்பேன். விற்பவரையும் கூட்டிக்கொண்டு வா, புத்தகத்தையும் எடுத்துவரச் சொல். முதல் நாள் இரவே ஹட்டனுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் நல்லது, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும். வரும்போது ஒரு போத்தல் பிரேக் ஒயிலும் வாங்கி வா, கார் எப்படி இருந்தாலும் அதை மாற்றித்தான் அனுப்புவேன்.