ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

இரண்டே கால் வயது மகளின் அம்மா:

கைக்குழந்தையாக இருந்தபோது ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தூங்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஏப்பம் விட வைப்பது என்று கேட்காமலேயே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். நடக்க ஆரம்பித்த பிறகு ஒருவரையும் காணோம். எனக்கு ஆள் தேவைப்படுவதே இப்போதுதான். அதனால் கேட்கிறேன்: இந்த வயதில் உங்களைக் கதிகலங்க வைத்தது எது, வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது எது? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். எங்கள் வீட்டுச் சிக்கல் சாப்பாடு. முதல் பிறந்தநாள் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவள், அதற்குப் பிறகு உதட்டை இறுக மூடிவிட்டாள். நேற்று ஆசையாகத் தின்றது இன்று தரையில் கிடக்கும். தட்டில் இரண்டு பண்டங்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போச்சு, இரண்டுமே வேண்டாம். காற்றைக் குடித்து உயிர் வாழ்கிறாளோ என்று தோன்றும்.

குழந்தைகள் மருத்துவர் என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் எடை பார்த்தார், உயரம் பார்த்தார், வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்தார். கோடு தன் பாதையிலேயே போகிறது, பாருங்கள் என்றார். முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுக்கப் பார்த்தாலும் 2 அல்லது 2.5 கிலோதான் ஏறும். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? புதிய பண்டத்தைக் கண்டால் சந்தேகப்படுவதும் இந்த வயதுக்கு வழக்கம்தானாம். சில குழந்தைகள் பத்து முறைக்கு மேல் பார்த்த பிறகுதான் ஒன்றை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். "என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விடுங்கள்" என்றார். இப்போது கிண்ணத்தோடு யாரும் அவள் பின்னால் ஓடுவதில்லை. மாமியாருக்கு இதில் இன்னும் உடன்பாடு இல்லை, அது தனிக் கதை.

சிரித்ததும் சாப்பாட்டு விஷயத்தில்தான். பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, "செரி, போ" என்று கரண்டியை வைத்துவிட்டாள். அந்தப் பெருமூச்சு அச்சு அசல் என்னுடையது.

மூன்று வயதை நெருங்கும் மகனின் அப்பா:

கதிகலங்கியது என்றால் எனக்கு முழங்கைதான். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். வழியில் ஒரு நாயைப் பார்த்தவன் அங்கேயே உட்கார வேண்டும் என்றான். பக்கத்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, அதனால் நான் கையை விடவில்லை. அவன் உடம்பைத் தளர்த்தித் தொப்பென்று தொங்கினான். இந்த வயதுப் பிள்ளைகள் நனைந்த துணி மாதிரி கைக்கு அடங்காமல் நழுவுவார்களே, அதுதான்.

வீல் என்று ஒரு கத்தல். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது, ஆனால் இடது கையைத் தூக்கவே இல்லை. லேசாக மடக்கி, உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான். வீக்கம் இல்லை, நிறம் மாறவில்லை, தோளை அமுக்கினால் வலிக்கவில்லை. பிடித்த வண்டியை இடது பக்கம் நீட்டினால், முழு உடம்பையும் திருப்பி வலது கையால் வாங்கினான். அதைப் பார்த்த பிறகு என் மனைவி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

மருத்துவர் எப்படி நடந்தது என்று கேட்டார், கையை இரண்டு இடத்தில் தொட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம் என்றார். முழங்கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டைத் திருப்பி மடக்கினார். லேசாக ஒரு 'டிக்'. இன்னொரு கத்தல். அவ்வளவுதான். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கும்போதே இவன் மேஜையிலிருந்த பேனாவை அதே இடது கையால் எடுத்து, மருத்துவரின் காகிதத்தில் கோடு போட ஆரம்பித்திருந்தான்.

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. அவற்றில் ஒன்றின் தலைப்பகுதியை வளையம் போல ஒரு நார் பிடித்துக்கொண்டிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது தளர்வாக இருக்கும். கை நீட்டியபடி இருக்கும்போது வெடுக்கென்று இழுபட்டால் எலும்பின் தலை நழுவி, அந்த நார் மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒன்று முதல் நான்கு வயதுக்குள்தான் இது அதிகம், வளர வளர நார் இறுகிவிடும். ஒருமுறை நழுவியவர்களுக்கு மறுபடி நழுவலாம் என்றும் சொன்னார். அதனால் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றுவது, ஒற்றைக் கையால் தூக்குவது எல்லாம் எங்கள் வீட்டில் இப்போது தடை. அக்குளில் கைகொடுத்துத்தான் தூக்குகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் திருகிப் பார்க்காதீர்கள். குழந்தை விழுந்திருந்தாலோ கை வீங்கியிருந்தாலோ எலும்பு முறிவாகவும் இருக்கலாம்.

இரட்டையரின் அம்மா:

எனக்கு எழுத நேரமில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. பகிர்ந்து விளையாடு என்று நான் தொண்டை கிழியக் கத்துவதை இருவரும் நிறுத்த வைத்துவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதுதான் இந்த வயதின் விளையாட்டாம். சரி என்று எல்லாவற்றிலும் இரண்டு வாங்கினேன். இப்போது இருவருக்கும் மற்றவர் கையில் இருப்பதுதான் வேண்டும்.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். மூத்தவன் (நான்கு நிமிட மூப்பு) அழுதபோது இளையவள் தன் போர்வையைக் கொண்டுவந்து அவன் மேல் போர்த்தினாள். அவன் அழுகையை நிறுத்தியதும், உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சேவை முடிந்தது.

ஒன்றே முக்கால் வயது மகனின் அம்மா:

எங்கள் பையனுக்கு அழுதால் மூச்சடைத்துப் போகும். கேட்டது கிடைக்கவில்லை என்றால் வாய் திறக்கும், சத்தம் வராது. உதடு நீலமாகும், அப்படியே சரிந்துவிடுவான். சில நொடிகளில் தானாக மூச்சு வந்துவிடும். அந்தச் சில நொடிகளை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

முதல் முறை தூக்கிக்கொண்டு ஓடினோம். வலிப்பு இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு மருத்துவர் சொன்னது: ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வேண்டுமென்று செய்வதில்லை, வளர்ந்தால் போய்விடும். ரத்தத்தில் இரும்புச்சத்து பார்க்கச் சொன்னார். குறைவாகத்தான் இருந்தது. அது குறைந்தால் மூச்சடைப்பு அடிக்கடி வருமாம். மருந்து தொடங்கிய பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், உலுக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எங்களுக்குப் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான். அழவிடக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் அவன் காலில் விழத் தயாராக இருந்தார்கள். ரிமோட் வேண்டுமா, இந்தா. கண்ணாடி வேண்டுமா, இந்தா. தாத்தாவின் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. முடியாது என்றால் முடியாதுதான், மூச்சடைத்தால் பார்த்துக்கொள்வோம் என்று மருத்துவரே உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தாத்தாவிடம்தான் முதலில் சொன்னார்.

பேரனை வளர்க்கும் பாட்டி:

ரிமோட்டைக் கொடுப்பதாக எழுதியவருக்கு ஒரு வார்த்தை. அதன் மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். காசு மாதிரி வட்டமாக இருக்கும் சின்ன பேட்டரியை விழுங்கினால், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொம்மை, எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இனி என் கதை. என் பிள்ளைகளை ஒரு வயதிலேயே கழிப்பறைக்குப் பழக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். மருமகள் சிரித்துக்கொண்டே, "அவர்கள் பழகவில்லை அத்தை, நீங்கள்தான் அவர்கள் நேரத்துக்குப் பழகினீர்கள்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

பேரனுக்கு இரண்டரை வயதில் தொடங்கினோம். அதற்கு முன்பே அவன் ஜாடை காட்டினான். வரப்போகிறது என்றால் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். பகலில் இரண்டு மணி நேரம் நனையாமல் இருந்தான். தானே கால்சட்டையை இறக்கப் பார்த்தான். பகல் சீக்கிரமே சரியாயிற்று. இரவு இன்னும் ஆகவில்லை, அது நம் கையில் இல்லை, ஐந்து வயது வரைகூட ஆகலாம். வேலை முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்து "டாட்டா, மறுபடி வா" என்று கையசைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற விடுவான். அவசரத்தில் யாராவது முதலில் ஊற்றிவிட்டால் அன்று வீடு இரண்டுபடும்.

இரண்டே கால் வயது மகளின் அம்மா:

பாட்டி, டேப் ஒட்டிவிட்டேன். மருமகள் பக்கம்தான் நான்.

நான்கு வயது மகனின் அப்பா:

எங்களுடையது கொஞ்சம் நீளமான கதை. இரண்டு வயதில் மற்றக் குழந்தைகள் ஏறக்குறைய 50 வார்த்தைகள் பேசி, இரண்டிரண்டாகக் கோக்கத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் மகனுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருந்தது. ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், அவன் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினான், பள்ளிக்குப் போனால் வந்துவிடும் என்று ஆறுதல் குவிந்தது. சொன்ன எல்லாரும் நல்ல மனதோடு சொன்னவர்கள். இந்த விஷயத்தில் நல்ல மனதை நம்பக் கூடாது என்பது என் கருத்து.

பேச்சு தாமதம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. கூப்பிட்டால் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பரிசோதனையில் செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது வருமாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சத்தம் மட்டும் மங்கிப்போகும். கதவு சாத்தும் ஓசை கேட்கும், சொல்லின் நுணுக்கமான ஒலிகள் கேட்காது. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும், வற்றாவிட்டால் சின்னக் குழாய் வைப்பார்கள். எங்களுக்கு வற்றிவிட்டது.

காத்திருந்த மாதங்களில் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். அவர் அவனைவிட எங்களுக்குத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார். "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்க வேண்டாம். அவன் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். ஒன்றைச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவன் "பந்து" என்றால் நீங்கள் "சிவப்புப் பந்து" என்று ஒரே ஒரு சொல்லைக் கூட்டுங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது. இதில் எனக்குக் கடினமாக இருந்தது காத்திருப்பதுதான். ஒரு குழந்தை பதில் சொல்லட்டும் என்று வாய் மூடி உட்கார்ந்து பாருங்கள், பத்து நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பிறகு ஒரு நாள் அவன் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போலக் கண்மட்டத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தான். தெளிவாக, அழுத்தமாக, "அப்பா போ" என்றான். இரண்டு வார்த்தை! நான் சமையலறைக்கு ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் வந்து உட்கார்ந்தாள். "அம்மா போ" என்றான். அன்று மாலை அவன் அம்மா எல்லாருக்கும் தொலைபேசியில் சொன்ன பெருமைச் செய்தி, பிள்ளை எங்களைத் துரத்திவிட்டான் என்பதுதான். இப்போது நான்கு வயதில் நிறுத்தாமல் பேசுகிறான். கேட்டதே கேள்வி, சொன்னதே பதில்.

மூன்று வயது மகளின் அம்மா:

இரவு அலறல் யாருக்காவது உண்டா? தூங்கி ஓரிரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கண் திறந்தபடி கத்துவாள். என்னைப் பார்ப்பாள், ஆனால் நான் யாரென்று தெரியாது. தூக்கினால் இன்னும் மோசம். கெட்ட கனவு என்றால் விடியற்காலைப் பக்கம் வரும், விழித்துக்கொண்டு அம்மாவைத் தேடுவாள், சொல்லவும் செய்வாள். இது ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் எழுவதாம். எழுப்பாமல், கட்டிலிலிருந்து விழாமல் பக்கத்தில் இருந்தால் போதும். காலையில் அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை, குதித்துக்கொண்டு எழுகிறாள். பகல் தூக்கம் தவறிய நாட்களில்தான் அதிகம் வருகிறது. அதனால் இரவில் சீக்கிரம் படுக்க வைக்கிறேன், கொஞ்சம் பலன் தெரிகிறது.

ஒன்றரை வயது மகளின் சித்தி:

எனக்குப் பயமெல்லாம் இல்லை, நான் சித்தி, அழுதால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நான் செய்தது ஒரு சோதனை. 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டம் என்ற உளவியலாளர், குழந்தைகளின் முகத்தில் தெரியாமல் சிவப்புப் புள்ளி வைத்துக் கண்ணாடி முன் விட்டுப் பார்த்தார். சின்னவர்கள் கண்ணாடியில் இருப்பது வேறு குழந்தை என்று விளையாடப் போவார்கள். ஒன்றரை வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லத் தங்கள் முகத்தையே தொட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை பரபரத்தது.

அக்கா மகளின் மூக்கில் லிப்ஸ்டிக்கால் ஒரு புள்ளி வைத்தேன். கண்ணாடியைப் பார்த்தாள். முறைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, மெதுவாகத் தன் மூக்கில் விரல் வைத்தாள். அந்த நொடியில் நான் கத்திய கத்தலில் அவள் அழுதுவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. லிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். பொம்மைகளுக்கு, அக்காவுக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, மதியம் தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு, எல்லார் மூக்கிலும் புள்ளி. தாத்தா எழுந்து, கண்ணாடி பார்க்காமல் கடைக்குப் போய்விட்டு வந்தார். வழியில் எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரித்தபடி வணக்கம் சொன்னதாகவும், இந்தத் தெருவில் மரியாதை தெரிந்தவர்கள் கூடிவிட்டதாகவும் சொன்னார். நாங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.