புதுப்பிப்பு: உயுனி உப்புவெளி, போய் வந்தாச்சு

பொலிவியாவின் உயுனி உப்புவெளியைக் கடந்து, ஆண்டிஸ் கணவாய் வழியாகச் சிலிக்குள் இறங்கப் போகிறோம், ஐந்து பைக்குகள், உப்பு எஞ்சினைக் கெடுக்குமா என்று ஜூலையில் கேட்டிருந்தேன். ஆகஸ்டில் முடித்துவிட்டோம்.

கெடுக்கும். ஆனால் நாங்கள் பயந்த விதத்தில் இல்லை. வறண்ட நடுப்பகுதியில் உப்பு காய்ந்து உண்டான அறுகோணக் கட்டங்களின் விளிம்பு டயருக்கடியில் நறநறவென்று நொறுங்கியது, அவ்வளவுதான். வம்பு கரையோரத்தில். அங்கே உப்புப் பாளம் மெல்லியது, அடியில் சேறு. நண்பரின் பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. நான்கு பேர் தூக்கினோம். 3,650 மீட்டர் உயரத்தில் பைக் தூக்கினால் மூச்சு எப்படி வாங்கும் என்று கேட்காதீர்கள்! அந்தச் சேறு ரேடியேட்டரில் காய்ந்து சிமெண்ட் பூச்சு மாதிரி ஆகிவிட்டது. உயுனி ஊரில் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவினோம். செயினில் கிரீஸ் அப்பச் சொன்னவருக்கு நன்றி.

அப்புறம் தெற்கே, 4,900 மீட்டரை ஒட்டிய வெந்நீர் ஊற்றுகள் பக்கம், என் பழைய கார்புரேட்டர் வண்டி இருமிக்கொண்டே ஏறியது. காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) மாட்டியிருக்க வேண்டும். சோம்பலில் விட்டது என் தப்பு. பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஹிட்டோ காஹோனில் பொலிவியா–சிலி எல்லையைத் தாண்டியதும் தார்ச்சாலை. கீழே சிலியின் சான் பெட்ரோ ஊர் 2,400 மீட்டர்தான். இறங்க இறங்க வண்டியின் இருமல் தானாகவே நின்றது, என் தலைவலியும்.