பொண்ணு 10வது முடிச்சிட்டா, 11ல மேத்ஸ் இருக்கற குரூப் எடுக்கணுமா வேணாமா? கொஞ்சம் வழி சொல்லுங்க

அம்பத்தூர் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு இந்த வருஷம் ஸ்டேட் போர்டுல 10வது முடிச்சா, மொத்தம் 431, மேத்ஸ்ல 74. வெள்ளிக்கிழமைக்குள்ள எந்த குரூப்னு சொல்லணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

அவளுக்கு எகனாமிக்ஸ் படிக்கணும்னு ஆசை. பேப்பர்ல விலைவாசி, வட்டி விகிதம்னு எது வந்தாலும் கட் பண்ணி ஒரு ஃபைல்ல வெச்சிருக்கா. எங்க வீட்டுக்காரர் பயோ மேத்ஸ் போட்டுட்டா டாக்டர், இன்ஜினியர்னு எந்தப் பக்கம் வேணாலும் போகலாம், பின்னாடி வருத்தப்பட வேணாம்ங்கறார். என் நாத்தனார் 74 வாங்கின பிள்ளைக்கு எதுக்கு மேத்ஸ், +2ல உக்காந்து அழப்போகுது, காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் போடு, கணக்கே இல்லாம நல்ல மார்க் வரும்ங்கறாங்க. அவளும் எகனாமிக்ஸ்க்கு எதுக்கும்மா கணக்குன்னு கேக்கறா.

எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. போன மாசம் ஏலச்சீட்ட இப்ப எடுக்கலாமா வேணாமான்னு நான் குழம்பிட்டிருந்தப்ப, அவதான் ஒரு ரஃப் நோட்ல 20 மாசத்துக்கும் கோடு போட்டு, இப்ப எடுத்தா தள்ளு போக கைக்கு எவ்ளோ வரும், அதே பணத்த நகைக்கடனா வாங்கினா வட்டி எவ்ளோ ஆகும்னு பக்கத்து பக்கத்துல எழுதி, இப்ப எடுக்காதம்மா ஆறு மாசம் போகட்டும்னு சொன்னா. இந்தப் பொண்ணுக்கு கணக்கு வராதுன்னு எப்படி நம்பறது?

வடசென்னை கணக்கு வாத்தியார்

அம்மா வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளில 22 வருஷமா +1, +2க்கு கணக்கு எடுக்கறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 74ங்கற அந்த ஒரு நம்பர வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

10வது கணக்கு பேப்பர் 100 மார்க் எப்படி வருதுன்னு பாருங்க. ஒரு மார்க் 14, ரெண்டு மார்க்ல 10, அஞ்சு மார்க்ல 10, கடைசில எட்டு மார்க்ல ரெண்டு, அதாவது செய்முறை வடிவியல் ஒண்ணு, வரைபடம் ஒண்ணு. அந்த 16 மார்க் காம்பஸும் ஸ்கேலும் வெச்சு கை பழகினா வந்துடும். 11வதுல காம்பஸ் பாக்ஸுக்கு வேலையே கிடையாது, அங்க இயற்கணிதமும் முக்கோணவியலும்தான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். வகைநுண்கணிதம் கஷ்டம்னு என்கிட்ட வர்ற பசங்கள உக்கார வெச்சு பாத்தா பாதி பேருக்கு அது பிரச்சினையே இல்ல, காரணிப்படுத்தறதுல தடுமாறுவாங்க, அதனால கணக்கு நாலாவது வரில நின்னுடும்.

அதனால ரிவிஷன் எக்ஸாம் பேப்பர் வீட்ல இருந்தா எடுங்க, மார்க் எங்க போச்சுன்னு பொண்ணையும் கூட வெச்சுக்கிட்டு பாருங்க. வரைபடத்துலயும் நேரம் பத்தாமலும் போயிருந்தா ஒரு கவலையும் வேணாம். இயற்கணிதம் அஞ்சு மார்க்கெல்லாம் விட்டுட்டு ஒரு மார்க்கும் எட்டு மார்க்கும் சேந்து 74 வந்திருந்தா அது வேற கதை, 11வது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உழைக்கணும்.

இன்னொண்ணு, பாடநூல் கழகம் 11வது புக்க பிடிஎஃப்பா ஃப்ரீயா போட்டிருக்காங்க. அதுல அடிப்படை இயற்கணிதம் பாடத்த எடுத்து டியூஷன் எதுவும் இல்லாம ரெண்டு மூணு நாள் உக்காரச் சொல்லுங்க. எத்தன சரியா போட்டான்னு எண்ணாதீங்க, தப்பா வந்த கணக்குக்கு அவளா திரும்பி வர்றாளான்னு மட்டும் பாருங்க.

அப்பா சொல்ற பயோ மேத்ஸ் பத்தி. நீட்ல மேத்ஸ் கிடையாது, இன்ஜினியரிங் கட் ஆஃப்ல பயாலஜி கிடையாது. எகனாமிக்ஸ்தான் ஆசைன்னா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜின்னு மூணு பாரமான பாடத்த ரெண்டு வருஷம் சுமக்கணும், அந்த பாரத்துலயே கணக்குக்கு நேரம் இல்லாம போய்டும்.

அப்புறம் காமர்ஸ்னா கணக்கு இல்லன்னு யார் சொன்னது? வணிகக் கணிதம் இருக்கற காமர்ஸ் குரூப் இருக்கே. 11வது புக்லயே அணிகள், வகை நுண்கணிதம், நிதிக் கணிதம், ஒட்டுறவு, செயல்முறை ஆராய்ச்சி எல்லாம் வருது, +2ல தொகை நுண்கணிதமும் நிகழ்தகவு பரவலும் வருது. உங்க பொண்ணு சீட்டுக்கு போட்ட கணக்கு நிதிக் கணிதத்தோட வாசல்படிதான் அம்மா.

எகனாமிக்ஸ்காரன்

அக்கா, உங்க நாத்தனார் சொன்ன அதே குரூப்தான் நான் எடுத்தேன், மேத்ஸ் இல்லாம. +2ல நல்ல மார்க், சிட்டிலயே ஒரு காலேஜ்ல பிஏ எகனாமிக்ஸ், மூணு வருஷம் ஓரளவு ஓடிடுச்சு. எம்ஏ போனப்பதான் அடி விழுந்துச்சு. முதல் வாரமே ஒருத்தன் கைல இருக்கற பணத்துக்குள்ள அதிகபட்ச திருப்தி எப்படி அடையறான்னு போர்டுல லக்ராஞ்ச் முறைல போட்டாங்க, அந்த வளைஞ்ச டி எழுத்து பகுதி வகையீடுன்னுகூட எனக்கு தெரியல, பக்கத்துல இருந்த பொண்ணு நோட்ட அப்படியே வரைஞ்சுட்டு வந்தேன். எகனாமெட்ரிக்ஸ்ல, அதாவது பொருளாதாரத்துல புள்ளிவிவரம் வெச்சு கணக்கு போடற பாடத்துல, ரிக்ரஷன் வந்தப்ப அணி பெருக்கல் தெரியாம முழிச்சேன். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல 22 வயசுல 11வது கணக்கு புக்க வெச்சுட்டு எட்டு மாசம் உக்காந்து படிச்சேன். அந்த எட்டு மாசத்த உங்க பொண்ணு இழக்கக் கூடாது.

டெல்லி யுனிவர்சிட்டில பிஏ எகனாமிக்ஸ் ஹானர்ஸ் மாதிரி பெரிய இடம் ஆசை இருந்தா மத்திய பல்கலைக்கழகங்கள்ல சேர எழுதற நுழைவுத் தேர்வு க்யூயெட்ல (CUET) மேத்ஸ் பேப்பர் எழுதியே ஆகணும். எகனாமிக்ஸ்க்கு எதுக்கு கணக்குன்னு கேட்டா அவகிட்ட இத காட்டுங்க.

சிஏ இண்டர், தாம்பரம்

வாத்தியார் சார் சொன்னது நூத்துக்கு நூறு. சிஏவோட முதல் கட்ட பரீட்சை ஃபவுண்டேஷன்ல மூணாவது பேப்பர் குவான்டிடேடிவ் ஆப்டிடியூட், 100 மார்க், கணக்கும் ஸ்டாடிஸ்டிக்ஸும் லாஜிக்கல் ரீசனிங்கும், தப்புக்கு கால் மார்க் மைனஸ். பிசினஸ் மேத்ஸ் படிச்ச என் ஃப்ரெண்ட்ஸ் அதுல சுலபமா வந்துட்டாங்க.

மாமா, பெரம்பூர்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன்மா, தப்பா எடுத்துக்காதீங்க. 15 வயசுல சொல்ற ஆசை 17ல மாறும். என் அக்கா பையன் ஆடிட்டர் ஆகப்போறேன்னு காமர்ஸ் போனான், +2 நடுவுல கட்டடக்கலை படிப்பு பி.ஆர்க் மேல ஆசை வந்துச்சு, அதுக்கான நுழைவுத் தேர்வு நாட்டா எழுதறதுக்கு +2ல பிசிக்ஸும் மேத்ஸும் வேணும்னு அப்பதான் தெரிஞ்சுது, ஒண்ணும் பண்ண முடியல. அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் கட் ஆஃப் 200ல மேத்ஸ் மட்டும் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் இருக்கற ஃபர்ஸ்ட் குரூப்ல இருந்து எகனாமிக்ஸ் போகலாம், காமர்ஸ்ல இருந்து இன்ஜினியரிங் கவுன்சிலிங் பக்கம் வர முடியாது. ஒருவேள அவளுக்கே தெளிவில்லன்னா கம்ப்யூட்டர் மேத்ஸ் பாருங்க. ஐஐடி மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரிக்கு +2ல எந்த குரூப்பா இருந்தாலும் பரவால்லங்கறது உண்மைதான், ஆனா முதல் நாலு வாரம் படிச்சு குவாலிஃபையர்ங்கற தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும், அதுலயும் மேத்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் இருக்கு.

அம்பத்தூர் அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எகனாமிக்ஸ் தம்பி நீங்க எழுதினத அவளே ரெண்டு தடவ படிச்சா.

சார் சொன்ன மாதிரி ரிவிஷன் பேப்பர் எடுத்து பாத்தோம். வரைபடத்துல எட்டு மார்க்கும் போயிருக்கு, அளவுத்திட்டம் தப்பா எடுத்து பாதில அழிச்சிருக்கா, வடிவியல் தேற்றம் ஒண்ணு எழுதவே இல்ல. இயற்கணிதம் அஞ்சு மார்க் மூணும் முழுசா வாங்கியிருக்கா, எனக்கு அப்பதான் உயிரே வந்துச்சு. 11வது பாடத்துல மடக்கை கணக்கு ஒண்ணு செவ்வாய்க்கிழமை ராத்திரி வரல, புக்க மூடிட்டு படுத்துட்டா. காலைல நான் பால் வாங்கிட்டு வந்து பாத்தா பல்லுகூட விளக்காம அதே கணக்க போட்டுட்டு இருக்கா.

மாமா சொன்னத வெச்சு அவங்க அப்பா நேரா உக்காந்து கேட்டார், இன்ஜினியரிங், பி.ஆர்க் எதுவும் வேணாமா, நல்லா யோசிச்சு சொல்லுன்னு. வேணாம்ப்பான்னு சொல்லிட்டு அந்த ஃபைல எடுத்துட்டு வந்து காட்டினா, அவர் அத இவ்ளோ நாள் பாத்ததே இல்ல.

வணிகக் கணிதம் எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா அவ ஸ்கூல்ல அந்த குரூப்பே இல்ல, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் காமர்ஸ் மட்டும்தான். ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளில இருக்காம், சீட்டும் இருக்குன்னு சொன்னாங்க. நாளைக்கு காலைல டிசி வாங்க போறோம்.