இம்பிளாண்ட் பற்களைச் சுற்றி ஈறில் இரத்தக் கசிவு: வீட்டில் எவ்வாறு துலக்குவது?

கேள்வி: நிலவன்

வணக்கம். கீழ்த்தாடையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை ஈறுநோயால் இழந்தேன். அந்த இடத்தில் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகுகளான இம்பிளாண்ட்கள் இரண்டைப் பொருத்தி, அவற்றின் மேல் ஒன்றோடொன்று இணைந்த கிரவுன்களை (செயற்கைப் பல் மூடிகளை) வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லை. அண்மையில், அவ்விரண்டுக்கும் நடுவே இன்டர்டென்டல் பிரஷ்ஷை நுழைத்து எடுக்கும்போது அதன் இழைகளில் இரத்தம் தெரிகிறது. வலியோ வீக்கமோ ஆட்டமோ இல்லை. வழக்கம்போல் மெல்ல முடிகிறது.

புண் ஆறும்வரை அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா? தண்ணீரைப் பீய்ச்சும் வாட்டர் ஃபிளாசர் ஒன்று வாங்கிவிட்டால் பிரஷ் தேவைப்படாதா? மவுத்வாஷால் நாள்தோறும் கொப்பளித்தால் போதுமா? அடுத்த பரிசோதனைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.

பதில்: ஈறுநோய் மருத்துவர்

ஐயா, தொடாமல் விடுவது சரியன்று. அந்தக் கசிவு பெரும்பாலும் பிரஷ் குத்தியதால் வருவதில்லை. ஈறின் விளிம்பில் படியும் கிருமிப்படலம் அங்கே அழற்சியை உண்டாக்கியிருப்பதால், இலேசாகத் தொட்டாலே இரத்தம் கசிகிறது. துலக்குவதை நிறுத்தினால் படலம் தடித்து, அழற்சி இன்னும் ஆழமாக இறங்கும்.

வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். இயற்கைப் பல்லின் வேரை எலும்போடு ஒரு தசைநார் பிணைத்திருக்கிறது. ஈறின் நார்களும் வேரின் மேற்பரப்புக்குள் குறுக்காகப் புகுந்து பற்றிக்கொண்டிருக்கின்றன. இம்பிளாண்டில் அந்தத் தசைநார் கிடையாது. எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது. மேலேயுள்ள ஈறு நார்களோ உலோகத்துக்குள் புகாமல் அதற்கு இணையாக, சட்டைக் கழுத்துப்பட்டி போலச் சுற்றி நிற்கின்றன. தசைநாரிலிருந்து வர வேண்டிய இரத்த ஓட்டமும் அங்கே இல்லை. ஆகவே கிருமிகளால் தொடங்கும் அழற்சி இயற்கைப் பல்லைவிட எளிதாக எலும்பை எட்டிவிடுகிறது. பற்கூழ் நரம்பும் இல்லாததால், எலும்பு கரையும்போதும் பலருக்கு வலியே தெரிவதில்லை. இரத்தக் கசிவு ஒன்றுதான் உங்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும் அடையாளம். அதைக் கவனித்துக் கேட்டிருப்பது மிகவும் நல்லது.

இந்த நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது பெரி-இம்பிளாண்ட் மியூகோசைட்டிஸ். இதில் அழற்சி ஈறோடு நிற்கிறது; படலத்தை முறையாக நீக்கிவந்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். இரண்டாவது பெரி-இம்பிளாண்டைட்டிஸ். இதில் எலும்பும் கரைகிறது. கரைந்த எலும்பு துலக்குவதால் மட்டும் திரும்பி வருவதில்லை. 2017ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் அமைப்புகள் இணைந்து நடத்திய கருத்தரங்கம் வகுத்து, 2018இல் வெளியான வகைப்பாட்டின்படி, முந்தைய எக்ஸ்-ரேயோடு ஒப்பிட்டுத்தான் எலும்பிழப்பு முடிவு செய்யப்படுகிறது. பழைய படம் இல்லாத நிலையில், கசிவோடு ஈறுப் பையின், அதாவது ஈறுக்கும் இம்பிளாண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கின், ஆழம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, எலும்பு மட்டமும் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் இரண்டாம் கட்டமாகக் கொள்கிறோம். எனவே கிரவுன் பொருத்திய காலத்தில் எடுத்த எக்ஸ்-ரேயைத் தேடி எடுத்து வையுங்கள். ஈறுநோயால் பல் இழந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எழுத்தில் படித்து உங்கள் எலும்பின் நிலையை யாராலும் சொல்ல முடியாது.

இனித் துலக்கும் முறை. மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷை, ஈறும் கிரவுனும் சந்திக்கும் கோட்டின் மீது ஏறக்குறைய 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு அசைவுகளாகத் தேய்க்க வேண்டும். கிரவுனின் பளபளப்பான முகத்தைத் தேய்ப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் இந்தக் கோட்டில் காட்டுவதில்லை. நாக்குப் பக்கம் இன்னும் அதிகமாக விடுபடுகிறது. சாதாரண பிரஷ்ஷின் தலை எட்டாத கடைசிப் பல்லின் பின்புறத்திற்கு, ஒற்றைக் குஞ்சம் மட்டும் உள்ள சிறு பிரஷ் உதவும்.

இடைவெளிக்கு இன்டர்டென்டல் பிரஷ்தான் முதன்மையானது. அதன் கம்பி பிளாஸ்டிக் உறையிட்டதாக இருக்க வேண்டும். உறையற்ற கம்பி டைட்டானியத்தைக் கீறினால் அந்தக் கீறலில் படலம் எளிதில் தங்கும். உங்கள் கிரவுன்கள் இணைந்திருப்பதால் ஃபிளாஸ் எனும் பல்லிடுக்கு நூலை மேலிருந்து இறக்க முடியாது. முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சுபோலவும் உள்ள சூப்பர் ஃபிளாஸ் வகையைப் பக்கவாட்டில் நுழைத்து, கிரவுனின் அடிப்பக்கத்தைத் துடைத்தெடுக்கலாம்.

வாட்டர் ஃபிளாசர் நல்ல துணைக்கருவி. தளர்வான உணவுத்துகள்களையும் படலத்தில் ஒரு பகுதியையும் அது அகற்றும். ஆனால் ஒட்டிப் படிந்த படலத்தை இழைகள் தேய்த்துத்தான் முழுமையாக எடுக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில், நீரை ஈறுப் பைக்குள் செலுத்தாமல் பல்லுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். மவுத்வாஷைப் பொறுத்தவரை, குளோர்ஹெக்சிடின் 0.12 அல்லது 0.2 விழுக்காடு திரவத்தை மருத்துவர் சொன்ன குறுகிய காலத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். நீண்ட நாள் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படிகிறது, சுவையுணர்வும் மாறுகிறது. நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பதில்: பூங்குழலி

நானும் இணைந்த கிரவுன்களை வைத்திருப்பவள் என்பதால் மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிரஷ்ஷின் அளவை நாமே ஊகித்து வாங்கக் கூடாது. இழைகள் இடைவெளியின் இரு பக்கமும் தொட்டு இலேசாகத் தடை தர வேண்டும். கம்பி உரசக் கூடாது. சிறியதாக இருந்தால் எதையும் தொடாமல் போய்வந்துவிடும். ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படுவதும் இயல்புதான். மருத்துவமனையிலேயே கண்ணாடியைக் கையில் கொடுத்து நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு அவர் முன்னிலையில் நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். கன்னப் பக்கத்திலிருந்து மட்டுமன்றி நாக்குப் பக்கத்திலிருந்தும் நுழைக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

எந்த பிரஷ்ஷும் நுழையாத அளவுக்குக் கிரவுனின் அடிப்பக்கம் புடைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். துலக்க முடியாத வடிவத்தில் செய்த பல்லை வைத்துக்கொண்டு, சரியாகத் துலக்கவில்லை என்று நோயாளியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

நிலவன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளையே மருத்துவரிடம் நேரம் கேட்கிறேன். இன்னும் சில ஐயங்கள். ஃபுளோரைடு டைட்டானியத்தை அரிக்கும் என்று படித்தேன். பேஸ்டை மாற்ற வேண்டுமா? ஃபிளாஸ் சில சமயம் அந்த இடத்தில் பிரிந்து நூலாக வருகிறது. எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

பதில்: ஈறுநோய் மருத்துவர்

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், அதுவே முக்கியமானது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறின் அழற்சி தணிவதும் புண் ஆறுவதும் தாமதப்படும். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையின் அண்மைய முடிவைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃபுளோரைடைப் பற்றிய அச்சம் ஓரளவு உண்மையிலிருந்து பிறந்ததுதான். அமிலத்தன்மை மிகுந்த, செறிவான ஃபுளோரைடு ஜெல்கள் டைட்டானியத்தின் காப்புப் படலத்தைப் பாதிக்கக்கூடும். அன்றாடப் பற்பசை அத்தகையதன்று. இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது. மற்ற பற்களுக்கு வரும், அவற்றுக்கு ஃபுளோரைடு வேண்டும். வெண்மையாக்கும் பசை, கரித்தூள் போன்ற உராய்வு மிகுந்தவற்றைத் தவிருங்கள், அது போதும்.

ஃபிளாஸ் பிரிந்து வருகிறது என்றால் அந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு பிரஷ்ஷை மட்டும் பயன்படுத்துங்கள். கிரவுனின் விளிம்பிலோ, ஈறுக்கு வெளியே தெரியத் தொடங்கிய இம்பிளாண்டின் சொரசொரப்பான பரப்பிலோ நூல் சிக்குகிறது என்பதே பொருள். அங்கே தங்கும் இழைகளே அழற்சிக்குக் காரணமாகலாம். கிரவுனை ஒட்டிய சிமெண்டின் மிச்சம் ஈறுக்கடியில் தங்கியிருந்தாலும் இதே கசிவு வரும், வீட்டில் எவ்வளவு துலக்கினாலும் அது போகாது. இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அழற்சி தணிந்த பிறகும், உங்களைப் போன்றவர்கள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வந்து தொழில்முறைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் ஈறின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

பதில்: செழியன்

வயதான தாயாரைப் பராமரிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். அவர் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட்களில் மாட்டும் கழற்றுவகைப் பல்செட் அணிகிறார். கைவிரல்களில் மூட்டுவலி இருப்பதால் மெல்லிய பிரஷ்ஷைப் பிடிக்க முடிவதில்லை. இத்தகையவர்களுக்கு என்ன செய்யலாம்?

பதில்: ஈறுநோய் மருத்துவர்

பருமனான கைப்பிடியுள்ள மின் பிரஷ், அழுத்தம் கூடினால் எச்சரிக்கும் வகையாக இருந்தால் நல்லது. செட்டை இரவில் கழற்றி, அதன் உட்பக்கத்தையும் இம்பிளாண்டில் மாட்டும் குழிகளையும் தனியே துலக்க வேண்டும். பிறகு வாயில் நீண்டிருக்கும் இரண்டு தலைகளையும் அவற்றின் அடியைச் சுற்றி ஈறைத் தொடும் இடத்தையும் சிறு பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இதை அவரால் செய்ய இயலாத நாள்களில் நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று, தலையைச் சற்றே சாய்த்துப் பிடித்துச் செய்துவிடுங்கள். முன்னால் நின்று செய்வதைவிட உட்பக்கம் நன்றாகத் தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது நீங்களும் உடன் சென்று, அந்தத் தலைகளைச் சுற்றி ஈறு எங்கே சிவந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் எந்த இடத்தில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.